பூங்கா மூலையில் ஒரு மழைத் தோட்டம்: பணம் கேட்கக் கிளம்பும் முன்

எங்கள் குடியிருப்பு சென்னைக்குத் தெற்கே இருக்கிறது. மூன்று தெருக்களின் மழைத் தண்ணீர் வடிகால் வழியாகப் போய்ப் பக்கத்துத் தாங்கலில், அதாவது சிற்றேரியில், விழும். தாங்கல் நிரம்பினால் பள்ளிக்கரணை சதுப்பு நிலம், அங்கிருந்து ஒக்கியம் மடுவு, பக்கிங்காம் கால்வாய், கடைசியில் கோவளம் முகத்துவாரம். சதுப்பு நிலம் 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் சேர்ந்தபோது எங்கள் பகுதியில் எல்லோருக்கும் பெருமை. அதற்குள் நாம் அனுப்புகிற தண்ணீர் எப்படி இருக்கிறது என்று சங்கத்தில் பேச்சு வந்தது 2023 கோடையில்தான். பூங்காவின் தாழ்வான மூலையில் ஒரு மழைத் தோட்டம் போட்டு, தெருத் தண்ணீரை அதில் வடிகட்டி அனுப்பலாம் என்று முடிவு செய்தோம். செயலாளர் என்பதால் பொறுப்பு என் தலையில் வந்தது. தோண்டுவதும் நிரப்புவதும் சில வாரத்து வேலை. ஆனால் இடையில் இரண்டு பருவமழை கடந்துபோய்விட்டது. அந்தக் காலம் முழுக்கப் பணத்துக்கும் காகிதத்துக்கும் அலைந்ததில் போனது. யாராவது ஒருவர் முன்கூட்டிச் சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மழைத் தோட்டம் என்றால் என்ன என்று முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பணம் கேட்கப் போகும் ஒவ்வொரு இடத்திலும் இதைத்தான் முதலில் சொல்ல வேண்டிவரும். ஏறக்குறைய ஒரு மீட்டர் ஆழம் தோண்டி, அடியில் ஜல்லி, அதன்மேல் மணல் அதிகமாகவும் மக்கிய உரமும் மண்ணும் கொஞ்சமாகவும் கலந்த கலவை, மேலே வெட்டிவேர், கல்வாழை, கோரை மாதிரி ஈரத்தையும் வறட்சியையும் தாங்கும் செடிகள். தெருத் தண்ணீர் இதில் அரை அடி உயரம் தேங்கி, மெல்ல இறங்கி, மண்ணில் வடிகட்டப்பட்டு வெளியே போகும். வண்டி கக்கிய எண்ணெய், டயர் தேய்ந்த தூள், நாய்க் கழிவு, கட்டட வேலை மண் எல்லாம் மழையின் முதல் அரை மணி நேரத்தில்தான் பெருமளவு அடித்துக்கொண்டு வருகின்றன. அந்த முதல் தண்ணீரைப் பிடிப்பதுதான் இதன் வேலை. அதற்குப் பிறகு வருவது மேலே வழிந்து பழைய வடிகாலுக்கே போய்விடும்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்து எங்கள் பக்கம் முழுக்கத் தண்ணீரில் நின்ற பிறகு, நாங்கள் கேட்காமலேயே ஆதரவு வந்தது. "இதைப் போட்டா இனிமே வீட்டுக்குள்ள தண்ணி வராதுல்ல?" என்று கேட்டுக்கொண்டே சந்தா கொடுத்தார்கள். வராது என்று சொல்லியிருந்தால் இன்னும் நிறையப் பணம் சேர்ந்திருக்கும். ஆனால் கணக்கு அப்படி இல்லை. ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். ஒரு ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். 25 மில்லிமீட்டர் மழைக்கே ஒரு ஏக்கரிலிருந்து ஒரு லட்சம் லிட்டர் வரும். எங்கள் தோட்டத்தால் அதில் ஒரு பங்கைத்தான் பிடிக்க முடியும். புயல் மழையை ஒரு பூங்கா மூலை தாங்கவே தாங்காது. இந்தக் கணக்கை ஒரு தாளில் அச்சடித்து வீட்டுக்கு வீடு கொடுத்தோம். சிலர் சந்தா தராமல் கதவைச் சாத்தினார்கள். பரவாயில்லை. முதல் பெருமழையில் தெரு மறுபடி நிரம்பியபோது எங்களை யாரும் பொய் சொன்னவர்கள் என்று சொல்லவில்லை. உங்கள் திட்டத்தைத் தண்ணீரின் தரத்துக்காகக் கேட்கிறீர்களா, வெள்ளத்துக்காகக் கேட்கிறீர்களா என்பதை முதல் நாளே தீர்மானித்துக்கொள்ளுங்கள். பணம் தர யோசிக்கும் நிறுவனத்தின் பொறியாளர் யாராவது வந்து பார்த்தால் முதல் கேள்வியே இதுதான்.

இரண்டாவது கேள்வி, வடிகாலில் சாக்கடை வருகிறதா என்பது. இதைக் கண்டுபிடிக்க ஒரு காசு செலவில்லை. மே மாதத்தில், மழையே பெய்யாத நாட்களில், காலை ஏழு மணி வாக்கில் வடிகால் மூடியைத் திறந்து பாருங்கள். உள்ளே தண்ணீர் ஓடினால் அது மழைத் தண்ணீராக இருக்க வாய்ப்பில்லை. எங்கள் மூன்றாவது தெருவில் மூடியைத் தூக்கியபோது சோப்பு நுரையும் சோற்றுப் பருக்கையும் மிதந்து வந்தன. சில வீடுகள் வாஷிங் மெஷின் தண்ணீரை வடிகாலில் விட்டிருந்தன. ஒரு வீட்டில் செப்டிக் டேங்க் நிரம்பி வழிகிற குழாயே அதில் இருந்தது. மழைத் தோட்டத்துக்குத் தினமும் சாக்கடை வந்தால் மண் அடைத்துக்கொள்ளும், நாறும், கொசு வரும், திட்டமே கெட்ட பெயரோடு முடியும். இதைச் சரிசெய்ய எந்த நன்கொடையாளரும் பணம் தர மாட்டார்கள், ஏனென்றால் அது அந்தந்த வீட்டுக்காரர் செய்ய வேண்டியது. வீடு வீடாகப் போய்ப் பேசினோம். "எல்லாரும்தான் விட்டிருக்காங்க, எங்க வீட்டை மட்டும் ஏம்மா பிடிச்சுக்கறீங்க?" என்று ஒருவர் கத்தினார். கடைசியில் துணி துவைத்த தண்ணீருக்கு அவரவர் வளாகத்திலேயே உறிஞ்சு குழி தோண்டுவதென்றும், கூலியில் பாதியைச் சங்கம் ஏற்பதென்றும் பேசி முடித்தோம். சங்கத்துக்கு 38,000 ரூபாய் ஆனது. அந்த செப்டிக் டேங்க் வீட்டுக்காரர்கள் குழாயை அடைத்துவிட்டார்கள், ஆனால் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பதினெட்டு வருடமாகப் பொங்கலுக்குக் கரும்பு கொடுத்து வாங்கிய வீடு அது. மனசு வலிக்கத்தான் செய்கிறது.

அடுத்தது திட்ட அறிக்கை. பணம் கேட்கப் போனால் டி.பி.ஆர். (விரிவான திட்ட அறிக்கை) வேண்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். ஒரு ஆலோசகர் 90,000 ரூபாய் வாங்கிக்கொண்டு அழகான முப்பரிமாணப் படங்களோடு ஓர் அறிக்கை கொடுத்தார். 240 சதுர மீட்டர் தோட்டம், தெருவோரம் புல் வாய்க்கால், மதிப்பீடு 14.5 லட்சம். ஜி.எஸ்.டி. 18 சதவீதம் அதில் சேரவில்லை என்பது கான்ட்ராக்டர் கொட்டேஷன் வந்தபோதுதான் தெரிந்தது. அதைவிடப் பெரிய அடி, அந்த 90,000 ரூபாயைப் பிறகு பணம் கொடுத்த நிறுவனம் ஏற்கவில்லை. ஒப்பந்தம் கையெழுத்தாகும் தேதிக்கு முன் செய்த செலவு எதையும் தர மாட்டோம் என்பது அவர்கள் விதி. சந்தாப் பணத்தில் போன அந்தத் தொகை போனதுதான். அதனால், முதலில் இரண்டு பக்கக் குறிப்பு போதும்: இடத்தின் வரைபடம், எவ்வளவு பரப்பிலிருந்து தண்ணீர் வருகிறது, நிலம் யாருடையது, மழை நாளில் எடுத்த நான்கு படங்கள், தோராயச் செலவு. இதைக் காட்டி, ஆர்வம் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு, வடிவமைப்புச் செலவையும் திட்டத்துக்குள் வைக்க முடியுமா என்று எழுத்தில் கேளுங்கள். மட்டம் பார்க்கும் வேலையைப் பக்கத்துப் பொறியியல் கல்லூரியின் சிவில் துறை மாணவர்கள் சாப்பாடும் போக்குவரத்தும் கொடுத்தால் செய்து தருவார்கள். எங்களுக்கு இரண்டாம் முறை அப்படித்தான் நடந்தது, முப்பரிமாணப் படத்தைவிட அவர்கள் எடுத்த மட்டக் கணக்குதான் கடைசிவரை பயன்பட்டது.

இப்போது நிலம். எங்களை அதிகம் சோர்வடைய வைத்தது இதுதான். அங்கீகரிக்கப்பட்ட லேஅவுட்டில் அந்த இடம் பூங்கா என்று தெளிவாக இருக்கிறது. மனை போட்டவர் ஓ.எஸ்.ஆர். (பொதுப் பயன்பாட்டுக்கு விட வேண்டிய திறந்தவெளி) நிலமாக உள்ளாட்சிக்குத் தானம் எழுதிக் கொடுத்துவிட்டார் என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தோம். எழுதியும் கொடுத்திருந்தார். ஆனால் பட்டா மாறவே இல்லை. இணையத்தில் சர்வே எண்ணைப் போட்டுப் பார்த்தால் பட்டா இன்னும் மனை போட்ட நிறுவனத்தின் பெயரிலேயே இருந்தது. பட்டா தனியார் பெயரில் இருக்கும்போது உள்ளாட்சி எப்படித் தடையில்லாச் சான்று தரும்? அலுவலகத்தில் கேட்டால் தாலுகா அலுவலகம் என்றார்கள், அங்கே கேட்டால் உள்ளாட்சிதான் விண்ணப்பிக்க வேண்டும் என்றார்கள். தானப் பத்திரத்தின் எண் யாரிடமும் இல்லை. கடைசியில் 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி தகவல் உரிமைச் சட்டத்தில் மனு போட்டோம். முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும் என்பது சட்டம். பதிலும் வந்தது, பத்திர எண்ணோடு. அதை வைத்துச் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல், வில்லங்கச் சான்று, நிலத்தின் எல்லை காட்டும் புலப்படம் எல்லாம் எடுத்து, மனுவோடு வைத்து, பட்டா மாறுதல் நடந்து முடிய மாதக் கணக்கில் ஆனது. போக்குவரத்து, நகல், நோட்டரி என்று 18,000 ரூபாய்க்கு மேல் கையை விட்டுப் போனது.

புலப்படம் எடுத்ததில் இன்னொன்றும் தெரிந்தது. மூலையில் ஒரு துண்டு, பூங்காவே இல்லை, வாய்க்கால் புறம்போக்கு. அதற்குத் தனித் துறை, தனி அனுமதி. ஆலோசகர் வரைந்த 240 சதுர மீட்டரில் பாதி அதற்குள்தான் விழுந்தது. வடிவத்தை இந்தப் பக்கம் நகர்த்தி 110 சதுர மீட்டராகச் சுருக்கினோம். எனவே பட்டா, புலப்படம், தானப் பத்திர நகல் மூன்றும் கையில் இல்லாமல் யாரிடமும் ஒரு ரூபாய் கேட்காதீர்கள். ஆலோசகரைக்கூட அதற்குப் பிறகு கூப்பிடுங்கள். உங்கள் பகுதி சபைக் கூட்டத்தில் திட்டத்தைப் பேசி, கூட்டக் குறிப்பில் பதிவு செய்யச் சொல்லுங்கள். மன்றத் தீர்மானத்துக்குப் போகும்போது அந்தக் குறிப்பு கோப்பில் இருந்தால் கேள்வி குறையும், கவுன்சிலருக்கும் பேச வசதியாக இருக்கும்.

நிலக் காகிதம் தாமதமானதால் நேர்ந்த இழப்பைச் சொல்கிறேன். மிக்ஜாமுக்குப் பிறகு ஒரு தனியார் நிறுவனம் சமூகப் பொறுப்பு (சி.எஸ்.ஆர்.) நிதியிலிருந்து 9 லட்சம் தருவதாக ஒப்புக்கொண்டது. சந்தோஷத்தில் எனக்கு அன்று இரவு தூக்கமே வரவில்லை. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1,000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத் தொடும் நிறுவனம் கடந்த மூன்று ஆண்டுச் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும். மண், காற்று, நீரின் தரத்தைக் காப்பது அதற்கான பட்டியலில் இருக்கிறது. ஆக நாம் கேட்பது தகுதியான காரியம்தான். சிக்கல், அந்தப் பணத்துக்கு ஒரு நாட்காட்டி இருக்கிறது. மார்ச் 31-க்குள் செலவாக வேண்டும். எங்களுக்குத் தடையில்லாச் சான்று வரவில்லை. ஆண்டுக்குள் முடிகிற திட்டம் என்று அவர்கள் போர்டு ஒப்புதல் கொடுத்திருந்ததால், செலவாகாத பணத்தைச் சட்டப்படி அரசு நிதி ஒன்றுக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கிருந்த அதிகாரி நல்ல மனிதர். "மேடம், ஏப்ரல்ல புதுசா அப்ளை பண்ணுங்க" என்றார். ஏப்ரலில் போனால் அந்த ஆண்டுப் பணம் பள்ளிக்கூடக் கட்டடங்களுக்கு என்று முடிவாகியிருந்தது. சங்கக் கூட்டத்தில் இதைச் சொல்ல எழுந்தபோது எனக்கு நா எழவில்லை.

பிறகுதான் ஒரு ஆடிட்டர் நண்பர் சொல்லித் தெரிந்தது: ஒப்புதல் தரும்போதே போர்டு அதைத் தொடர் திட்டம் என்று குறித்திருந்தால், செலவாகாத தொகை நிதியாண்டு முடிந்த 30 நாளுக்குள் தனி வங்கிக் கணக்குக்குப் போகும், மூன்று நிதியாண்டுக்குள் செலவிடலாம். ஒரே ஒரு சொல்லில் 9 லட்சம் நின்றிருக்கும். மழை சார்ந்த வேலைக்கு இது கட்டாயம் தேவை. நமக்கு வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பரில் முடிகிறது. ஜனவரியில் நிலத்தடி நீர் மேலே இருக்கும், குழி தோண்டினால் ஊறும். தோண்ட ஏற்ற காலம் ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை. நிறுவனங்களோ ஏப்ரல், மே, ஜூனில் திட்டங்களைத் தேர்ந்தெடுத்து, மார்ச்சில் கணக்கை முடிக்கின்றன. முந்தைய டிசம்பரிலேயே பேசத் தொடங்கி, முதல் காலாண்டுக் கூட்டத்தில் ஒப்புதல் வாங்கி, தொடர் திட்டம் என்று எழுதச் சொல்லுங்கள்.

நடுவில் அரசின் நமக்கு நாமே திட்டத்தையும் முயன்றோம். குறைந்தது மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால் மீதியை அரசு தரும். நல்ல திட்டம். உள்ளாட்சியின் இளநிலைப் பொறியாளர், எங்கள் ஜே.இ., கைவிரித்த காரணம் வேறு. "மேடம், நீங்க சொல்ற அயிட்டமே ரேட் புக்ல இல்ல, நான் எப்படி எஸ்டிமேட் போடறது?" என்றார். அவர் போட்டுக் கொண்டுவந்த முதல் எஸ்டிமேட்டில் மழைத் தோட்டம் கான்கிரீட் வாய்க்காலாக மாறியிருந்தது. கோபம் வந்தது, ஆனால் அவர் நிலையும் புரிந்தது. விலைப் பட்டியலில் இல்லாத பொருளுக்கு அவர் கையெழுத்துப் போட்டால் தணிக்கையில் மாட்டிக்கொள்வார். அதனால் மழைத் தோட்டம் என்ற பெயரையே எடுத்துவிட்டு உடைத்து எழுதினோம்: மண் தோண்டுதல் இத்தனை கன மீட்டர், 40 மி.மீ. ஜல்லி, 20 மி.மீ. ஜல்லி, எம்-சாண்ட், மக்கிய உரம், துளையிட்ட பி.வி.சி. குழாய், கருங்கல் பதிப்பு. ஒவ்வொன்றுக்கும் பட்டியலில் விலை இருக்கிறது. அடுத்த வாரமே எஸ்டிமேட் தயார். கடைசியில் தண்ணீர் உள்ளே வரும் கருங்கல் வாய்க்காலையும் மண் படியும் தொட்டியையும் இந்தத் திட்டத்தில் 1.8 லட்சத்தில் செய்தோம், சங்கம் கட்டியது 60,000. வேலையை யார் செய்வது, டெண்டரா, சங்கமா என்பதைப் பணம் கட்டும் முன் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

தோட்டத்துக்கான பணம் 2025-ல் இன்னொரு நிறுவனத்திடமிருந்து வந்தது, 6.2 லட்சம். இதை எங்கள் சங்கத்துக்கு நேரடியாகத் தர முடியாது. 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு பெற்றிருந்தால் மட்டும் போதாது. அப்போதைய வருமான வரிச் சட்டப்படி 12ஏ (அமைப்புக்கு வரி விலக்கு), 80ஜி (நன்கொடையாளருக்கு வரிச் சலுகை) பதிவு, மூன்றாண்டுச் செயல்பாடு, 2021 ஏப்ரல் முதல் சி.எஸ்.ஆர்.-1 படிவப் பதிவு எல்லாம் வேண்டியிருந்தது. உறுப்பினர் நலனுக்கான குடியிருப்போர் சங்கத்துக்கு 12ஏ கிடைப்பது கடினமாக இருந்தது. ஆகவே தகுதியுள்ள ஒரு அறக்கட்டளை வழியாகப் போனோம். அவர்கள் 8 சதவீதம் எடுத்துக்கொண்டார்கள். இங்கே ஒரு தகவல். நிர்வாகச் செலவு 5 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்ற விதியைக் காட்டி வடிவமைப்பு, கண்காணிப்புச் செலவுகளை வெட்டப் பார்ப்பார்கள். அந்த 5 சதவீதம் நிறுவனத்தின் சொந்தப் பொது நிர்வாகச் செலவுக்கான வரம்பு. குறிப்பிட்ட திட்டத்தின் வடிவமைப்பு, கண்காணிப்பு, மதிப்பீடு அதில் சேராது. விதியிலேயே அப்படித்தான் இருக்கிறது, தயங்காமல் எடுத்துக் காட்டுங்கள். உருவாகும் சொத்து யார் பெயரில் இருக்கும் என்பதும் ஒப்பந்தத்தில் வர வேண்டும். எங்களுடையது பொது நிலம் என்பதால் உள்ளாட்சிக்கு ஒப்படைக்கும் கடிதம் கொடுத்து முடித்தோம்.

பணம் தவணையாகத்தான் வரும். எங்களுக்கு 40, 40, 20 சதவீதம். ஒவ்வொரு தவணைக்கும் முந்தைய தவணையின் பயன்பாட்டுச் சான்று. கடைசி 20 சதவீதம், வேலை முடிந்து அறிக்கை கொடுத்த பிறகு. கான்ட்ராக்டர் அவ்வளவு நாள் காத்திருப்பாரா? ஜே.சி.பி.க்கு அன்றன்றே காசு வேண்டும். என் பெயரிலிருந்த 2 லட்சம் டெபாசிட்டை முதிர்வுக்கு முன் உடைத்துக் கொடுத்தேன். வட்டியில் பிடித்தம் போனது, அசல் திரும்பிவர ஏழெட்டு மாதம் ஆனது. வீட்டில் யாரும் ஒன்றும் சொல்லவில்லை, ஆனால் அந்த மாதங்களில் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. கான்ட்ராக்டரோடு போடும் ஒப்பந்தத்திலும் அதே தவணைகளை எழுதுங்கள். தனி மனிதர் யாரும் இடைவெளியை நிரப்பும் நிலை வராமல், மொத்தச் செலவில் கால் பங்கு சந்தாவாகக் கையில் சேர்ந்த பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 9 லட்சம் வராமல் போன மாதம், வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "வாங்கின காசெல்லாம் எங்க போச்சுன்னு செயலாளர் சொல்லணும்" என்று எழுதினார். அதற்குக் கீழே பலர் கட்டைவிரல் போட்டார்கள். ராத்திரி அதையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தேன். நல்லவேளையாகத் தொடக்கத்திலேயே பொருளாளர் வற்புறுத்தி இந்தத் திட்டத்துக்கென்று தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து என்று வைத்திருந்தார். மறுநாள் காலையே பாஸ்புக் பக்கங்களை அப்படியே குழுவில் போட்டோம், பூங்கா அறிவிப்புப் பலகையிலும் ஒட்டினோம். அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் ஐந்தாம் தேதி, யாரும் கேட்காமலேயே கணக்குத் தாள் பலகைக்குப் போய்விடும். கேள்வி கேட்டவரே பின்னால் இரண்டாம் முறை சந்தா கொடுத்தார்.

2025 ஜூலையில் வேலை தொடங்கியது. அதற்கு முன் தண்ணீர் இறங்குகிறதா என்று பார்க்க ஓர் எளிய வழி: ஓர் அடி அகலம், ஓர் அடி ஆழம் குழி தோண்டி, தண்ணீர் ஊற்றி, அது இறங்கியபின் மறுபடி நிரப்பி, ஸ்கேலை நட்டு ஒரு மணி நேரத்தில் எவ்வளவு குறைகிறது என்று அளந்தால் போதும். மணிக்கு ஒரு செ.மீ.க்குக் கொஞ்சம் மேலாவது இறங்க வேண்டும். எங்கள் களிமண்ணில் அதில் பாதிகூட இறங்கவில்லை. அதனால் அடியில் துளைக் குழாய் கட்டாயமானது, 40,000 ரூபாய் கூடுதல். மண் பரிசோதனை முடியாத எஸ்டிமேட்டை நம்பாதீர்கள். கலவை மண் வந்த அன்று பக்கத்திலேயே இருங்கள். முதல் லாரியில் அசல் செம்மண் வந்து இறங்கியது. "செம்மண் போட்டா செடி ஜோரா வரும்மா, மணல்ல என்ன வரும்?" என்றார் மேஸ்திரி. ஒரு தண்ணீர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு அந்த மண்ணைப் போட்டு, தண்ணீர் நிரப்பி, நன்றாகக் குலுக்கி வைத்தோம். மணல் உடனே அடியில் படிந்துவிடும், களி மறுநாள்தான் மேலே ஏடாகப் படியும். மறுநாள் பார்த்தால் பாட்டிலில் மணல் விரல் அகலம், அதற்கு மேலே இரண்டு பங்கு வழவழவென்று களி. அதை மேஸ்திரியின் கையிலேயே கொடுத்தோம். லாரி திரும்பிப் போனது.

அக்டோபரில் முதல் கனமழை பெய்த இரவு, எதிர்வீட்டு மாமா டார்ச்சோடு வந்து நின்றார். டெங்கு வரும் என்று முதலிலிருந்தே எதிர்த்தவர் அவர். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் நிலைக்கு வர ஏறக்குறைய ஒரு வாரமாவது ஆகும், எங்கள் தோட்டம் ஒரு நாளில், அதிகம் போனால் இரண்டு நாளில் வடிந்துவிடும்படி அமைத்தது என்று பலமுறை சொல்லியிருந்தேன். மறுநாள் மதியம் அவரே வந்து, "தண்ணி இல்லையேம்மா" என்றார். மண் படியும் தொட்டியைத் திறந்தோம். முக்கால் அடிக்குக் கருப்பாக, கையில் எடுத்தால் வழுக்கும் மணல். அதில் பால் பாக்கெட் ஓரங்கள், பான் மசாலா உறை, பிரேக் ஷூ துண்டு ஒன்று, மேலே வானவில் நிறத்தில் எண்ணெய்ப் படலம். இத்தனை நாளும் இது தாங்கலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

நிறுவனம் முன்–பின் பரிசோதனை முடிவு கேட்டது. வேலை தொடங்கும் முன்பு மழை நாளில் மாதிரி எடுக்காவிட்டால் பிறகு எடுக்கவே முடியாது, ஆகவே முந்தைய பருவமழையிலேயே எடுத்து வைப்பது நல்லது. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் மாதிரி ஒன்றுக்கு எங்களுக்கு 4,500 ரூபாய் ஆனது. எண்ணெய் அளவு பார்க்கக் கண்ணாடிப் பாட்டில்தான் வேண்டும், பிளாஸ்டிக் கூடாது. மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து அன்றே கொண்டுபோங்கள். எங்கள் முடிவில் கலங்கலும் எண்ணெயும் நன்றாகக் குறைந்திருந்தன, பி.ஓ.டி. (மக்கும் கழிவு எவ்வளவு என்று காட்டும் அளவு) மட்டும் எதிர்பார்த்த அளவு குறையவில்லை. எங்கோ இன்னும் ஒரு வீட்டுக் கழிவு வருகிறது என்று அர்த்தம். அறிக்கையில் அதை அப்படியே எழுதினோம். கடைசித் தவணை தடையின்றி வந்தது.

பராமரிப்புக்குப் பணம் கேட்பதுதான் இருப்பதிலேயே கடினம். திறப்பு விழாவுக்குப் பலகை வைக்க எல்லோரும் தயார், தொட்டியில் மண் அள்ள யாரும் தயாராக இல்லை. பகுதி நேரத் தோட்டக்காரருக்கு மாதம் 3,500, பருவமழைக்கு முன்னும் நடுவிலும் தூர் வாரும் கூலி, பட்டுப்போன செடிக்கு மாற்று என்று ஆண்டுக்கு 60,000 ரூபாயைத் தாண்டுகிறது. இதற்காக ஒரு மூலதன நிதி, அதாவது அசலைத் தொடாமல் வட்டியில் செலவு செய்யும் நிதி, கொடுங்கள் என்று நிறுவனத்திடம் கேட்டோம். 2021 முதல் எந்த அமைப்பின் மூலதன நிதிக்கும் கொடுப்பது சமூகப் பொறுப்புச் செலவாகக் கணக்கில் வராது என்றார்கள், அது உண்மைதான். அதே பணத்தைத் தொடர் திட்டத்துக்குள் ஆண்டுப் பராமரிப்புச் செலவு என்று வரிசையாக எழுதிக் கேட்டபோது கொடுத்தார்கள். 2029 மார்ச் வரை அது ஓடும். அதற்கு அப்புறம் சங்கத்தின் பொறுப்பு. 140 வீட்டுக்கு மாதம் 50 ரூபாய் என்று பொதுக்குழுவில் தீர்மானம் போட்டு, இப்போதிலிருந்தே வசூலித்து வங்கியில் சேர்த்துவருகிறோம். முதல் ஆண்டில் பதினைந்து வீடுகள் தரவில்லை. அவர்களிடம் பேசும் வேலையை இந்த முறை எதிர்வீட்டு மாமா ஏற்றுக்கொண்டிருக்கிறார்.